சாண்ட்விச் உண்டு, நேரம் இல்லை: டைப்-1 பிள்ளைகளுக்கான தேர்வு விதிகளைப் படித்தபோது

வானகரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். ஒன்பது வயதில் டைப்-1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. போன வருஷம் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு எழுதினாள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் அவள் அம்மா கேட்ட கேள்வியில்தான் இந்தக் குறிப்பு தொடங்குகிறது.

"அண்ணா, நீங்க நெட்ல எல்லாம் படிக்கிறீங்களே, பரீட்சை ஹாலுக்குள்ள குளுக்கோஸ் எடுத்துட்டுப் போக விடுவாங்களா? ஸ்கூல்ல கேட்டா, சென்டர்ல கேளுங்கன்றாங்க. சென்டர்ல கேட்டா, அன்னைக்கு யாரு வராங்களோ அவங்கள கேளுங்கன்றாங்க."

இதற்கு ஒரு வரியில் பதில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். தேட உட்கார்ந்தால் விதி கிடைத்தது, ஒன்றல்ல, மூன்று நான்கு. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது ஒரு பக்கம். எல்லாமே நோயின் ஒரே ஒரு முகத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டவை என்பதுதான் எனக்கு உறுத்தியது. அந்த ஆவணங்களைக் கொஞ்சம் நெருக்கமாகப் படித்துப் பார்ப்போம். சுற்றறிக்கைக்கு விமர்சனமா என்று சிரிக்கலாம். ஒரு பிள்ளையின் பத்து வருஷப் படிப்பைத் தீர்மானிக்கிற வாசகத்துக்கு நாவலுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது கொடுக்கலாம்.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊரில் 'சுகர்' என்றால் ஐம்பது வயது மாமா, காலை நடை, சர்க்கரை போடாத காபி. டைப்-1 அதுவல்ல. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மாத்திரையால் சமாளிக்க முடியாது. தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும், பெரும்பாலும் மூன்று நான்கு முறை. மிட்டாய் அதிகம் தின்றதால் வந்ததும் இல்லை. (இதை அந்த அம்மாவிடம் சொல்லாத உறவினரே கிடையாது. சொன்னவர்களில் பலர் மெத்தப் படித்தவர்கள்.) சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 கணக்குப்படி இந்தியாவில் 20 வயதுக்கு உட்பட்ட டைப்-1 பிள்ளைகள் ஏறத்தாழ 2.29 லட்சம் பேர். அரிதான நோய் என்று தள்ளிவிட முடியாத எண்ணிக்கை.

இனி தேர்வு நாளின் கணக்கு. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. 10 நிமிடம் வினாத்தாள் படிக்க, 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் காலை நெரிசலைத் தெரிந்தவர்கள் எட்டரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே ஏழரைக்கு ஊசி, எட்டுக்கு இட்லி.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் சாதாரண மனித இன்சுலின், இல்லாவிட்டால் 30/70 கலவை. சாதாரண இன்சுலின் போட்டு அரை மணி கழித்து வேலையைத் தொடங்கும். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அதாவது ஏழரைக்குப் போட்ட ஊசி முழு வேகத்தில் இருப்பது ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை. பிள்ளை வினாத்தாளைப் பிரித்து முதல் பாதியை எழுதுகிற நேரம் சரியாக அதுதான்.

சாதாரண பள்ளி நாளில் இது பெரிய சிக்கல் ஆவதில்லை. பதினொரு மணி வாக்கில் இன்டர்வெல் மணி அடிக்கும், நாலு பிஸ்கட் அல்லது ஒரு வாழைப்பழம். இந்த வகை இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு டாக்டர்கள் அந்த இடைத்தீனியைக் கணக்கில் சேர்த்தேதான் அளவு எழுதுகிறார்கள். தேர்வு நாளில் மட்டும் அந்த மணி அடிப்பதில்லை. பழைய ஊசி, பழைய அளவு, ஆனால் பிஸ்கட் இல்லை. விலை கூடிய வேக இன்சுலின் போடும் பிள்ளைக்குக் கணக்கு வேறு. அது கால் மணியில் தொடங்கி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, சீக்கிரம் இறங்கிவிடும். ஆக, இடைவேளை இல்லாத மூன்றேகால் மணி நேரம் யாரை அதிகமாகத் தாக்குகிறது என்றால், இலவச ஊசியை நம்பியிருக்கிற வீட்டுப் பிள்ளையை. இந்த விஷயம் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது ஆவணங்கள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். இந்திய அளவில் இதைப் பேச ஆரம்பித்தது சி.பி.எஸ்.இ. 2017 பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கையில் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் டைப்-1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, சாக்லேட், மிட்டாய், வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு போன்ற பழங்கள், சாண்ட்விச் மாதிரியான சிற்றுண்டி, 500 மில்லி தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைத் தேர்வு மையத்துக்குக் கொண்டுவரலாம் என்று அனுமதித்தார்கள். பொருள்கள் கண்காணிப்பாளரிடம் இருக்கும். தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம். நிபுணரின் சான்றிதழ் வேண்டும், பள்ளி முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 2024 தேர்வுகளுக்கு முன் வந்த அறிவிப்பில் பட்டியல் நீண்டது. குளுக்கோமீட்டர், சோதனைப் பட்டைகள், தொடர் கண்காணிப்புச் சென்சார், இன்சுலின் பம்ப் எல்லாம் சேர்ந்துகொண்டன.

2017 பட்டியலை ஒரு டாக்டரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். சர்க்கரை தாழும்போது வேண்டியது வேகமாக ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ். மருத்துவத்தில் '15-15' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 15 கிராம் வேகச் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை, ஏறாவிட்டால் இன்னொரு முறை. சின்னப் பிள்ளைகளுக்கு எடைக்கு ஏற்ப இன்னும் குறைவு. வீட்டு மொழியில் சொன்னால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்த தண்ணீர். சாக்லேட்டில் கொழுப்பு இருக்கிறது, அது சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். சாண்ட்விச் அதைவிட மெதுவானது. சர்க்கரை நிமிர்ந்த பிறகு மறுபடி விழாமல் தாங்கிப் பிடிக்கத்தான் அது உதவும். நம் வீடுகளில் உடனே கையில் எடுத்துக் கொடுக்கிற கடலை மிட்டாயும் அப்படித்தான். வெல்லம் இருந்தாலும் கடலையின் எண்ணெய் அதை இழுத்துப் பிடிக்கும். ஆனால் பட்டியல் இவற்றையெல்லாம் ஒரே வரிசையில் நிற்க வைத்திருக்கிறது. கையில் எதை முதலில் கொடுப்பது என்று தெரியாத கண்காணிப்பாளர், நல்ல மனதோடு சாண்ட்விச்சைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளை தெளியும் என்று காத்திருந்தால் என்ன ஆகும்?

இதில் ஒரு வேடிக்கை. ஜே.இ.இ. மெயின் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தகவல் கையேடு, நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை மாத்திரை, வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு, ஒளி ஊடுருவும் தண்ணீர் பாட்டில் கொண்டுவரலாம் என்கிறது. சாக்லேட், மிட்டாய், சாண்ட்விச் போன்ற பொட்டலமிட்ட உணவுக்கு அனுமதி இல்லை என்றும் சொல்கிறது. சி.பி.எஸ்.இ. பெயர் சொல்லி அனுமதிக்கிற அதே மூன்றை என்.டி.ஏ. பெயர் சொல்லித் தடுக்கிறது! இரண்டுமே மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தோடு சேர்ந்தவை, ஒரே பிள்ளை ஒரே பருவத்தில் இரண்டையும் எழுதுகிறது. சாக்லேட்டைத் தடுத்தது மருத்துவ ரீதியில் சரிதான், ஆனால் காரணம் மருத்துவம் இல்லை. உறைக்குள் துண்டுச் சீட்டு இருக்குமோ என்ற பயம். அந்தப் பயத்தில் சாதாரண சர்க்கரை மிட்டாயும் சேர்ந்து அடிபட்டுவிட்டது. அது வேகமாக வேலை செய்யும் பொருள். சரியான முடிவைத் தவறான காரணத்துக்காக எடுத்தால் பக்கத்தில் நிற்பதும் உடைந்துபோகும்.

மூன்றாவது ஆவணம் எனக்கு மற்றவற்றைவிடப் பிடித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, அந்த வருஷம் ஜூலையில் உத்தரப் பிரதேச அடிப்படைக் கல்வித் துறை ஓர் ஆணை போட்டது. அதில் தேர்வு மட்டும் இல்லை, வகுப்பறையும் இருக்கிறது. டாக்டர் சொன்னபடி வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கலாம், ஊசி போட்டுக்கொள்ளலாம், காலையிலோ மதியமோ இடையில் சாப்பிடலாம், ஆசிரியர் தடுக்கக் கூடாது. உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார், பம்ப் ஆகியவற்றைத் தேர்வின்போது கழற்றச் சொல்லக் கூடாது. அளவு பார்க்க ஸ்மார்ட்போன் தேவைப்பட்டால் அதை ஆசிரியரிடம் கொடுத்துவைக்கலாம். கருவி உடம்பின் பகுதி மாதிரி என்பதை அரசு மொழியில் எழுதிவைத்ததே பெரிய விஷயம்.

அந்தப் போன் வாசகத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பொதுத்தேர்வுகளில் அறைக் கண்காணிப்பாளர் வேறு பள்ளி ஆசிரியர், இன்று ஒருவர் நாளை இன்னொருவர். அவர் மேஜையில் போன் 'டிங்' என்று அடித்தால், 68 என்று அம்புக்குறி கீழே பார்த்தபடி காட்டினால், அதற்கு அர்த்தம் என்ன என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பறக்கும் படை உள்ளே நுழையும் நேரத்தில் மேஜையில் மாணவியின் போன் இருந்தால் அவர் முதலில் பயப்படுவது தன் வேலைக்காகத்தான். அதில் தப்பும் இல்லை. வினாத்தாள் கசிவுகள் பற்றிய செய்திகளுக்குப் பிறகு போன் மீதான சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு தாளில் நாலு வரிக் குறிப்பு போதும். அந்த நாலு வரியை எழுத வேண்டியது பிள்ளையின் அம்மா இல்லை.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஆறிலிருந்து பதினொரு வயது வரையிலான டைப்-1 பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-ல் டயாபடீஸ் கேர் இதழில் வந்தது. கோண்டர்-ஃபிரெடரிக் என்பவரும் குழுவினரும் செய்தது. ஆய்வுக்கூடத்தில் ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் வீட்டில், சாதாரண வாழ்க்கையில் இருக்கும்போதே கையடக்கக் கருவி ஒன்றைக் கொடுத்து, சர்க்கரை பார்ப்பதற்கு முன்னால் சின்ன மனக்கணக்கும் எதிர்வினைச் சோதனையும் செய்யச் சொன்னார்கள். சர்க்கரை 54-க்குக் கீழே இருந்தபோது பிள்ளைகள் கணக்குப் போட எடுத்துக்கொண்ட நேரம் கூடியது. 400-க்கு மேல் இருந்தபோதும் கூடியது. இரண்டு பக்கத்திலும் மந்தம் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் விடைகளின் சரி-தப்பு விகிதம் மாறவில்லை.

இதை இரண்டு முறை படித்தேன். பிள்ளைக்குத் தெரிந்தது தெரிந்தபடியே இருக்கிறது, எழுதத்தான் கூடுதல் நேரம் பிடிக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம், சின்னக் கணக்கில் பார்த்தது என்பதை மறக்கவில்லை. கடும் தாழ்சர்க்கரையில் குழப்பம், மயக்கம், வலிப்பு வரை போகலாம் என்பதும் தெரியும். ஆனாலும் தேர்வு என்பது நேரம் கட்டி நடத்தும் விஷயம் என்பதால், இந்தக் கண்டுபிடிப்பு தேர்வு விதி எழுதுகிறவர்களின் மேஜையில் முதலில் இருக்க வேண்டியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 நிமிடம், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். பதினொன்றரைக்குக் கை நடுங்குகிறது, எழுத்து மங்குகிறது. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, விளக்கி, குளுக்கோஸை வாங்கிக் குடிக்க 5 நிமிடம். 15 நிமிடக் காத்திருப்பு. 20 நிமிடம் என்றால் 11 மதிப்பெண். முதல் சுற்றில் ஏறாமல் இன்னொரு சுற்று என்றால் 35 நிமிடம், 19 மதிப்பெண். அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. மீட்டரில் எண் சரியானாலும் மூளை பழைய வேகத்துக்கு வர அரை மணி, அதற்கு மேலும் ஆகலாம். பத்தாம் வகுப்பு கணக்குத் தாளில் பிள்ளைகள் பலர் கடைசிக்கு ஒதுக்கி வைப்பது வடிவியலும் வரைபடமும், எட்டும் எட்டும் பதினாறு. போவது அதுதான்.

நான் மேலே சொன்ன பட்டியல்களில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது, ஆரஞ்சு இருக்கிறது, சாண்ட்விச் இருக்கிறது. போன நிமிடங்களைத் திருப்பிக் கொடுக்கும் வரி இல்லை. பிள்ளை மயங்கி விழுந்துவிடக் கூடாது என்பதே அந்த விதிகளின் கவலை. நியாயமான கவலைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மயங்காமல் உட்கார்ந்திருப்பதும் தேர்வு எழுதுவதும் வேறு வேறு.

பிரிட்டனில் பள்ளித் தேர்வுகளுக்கு 'கண்காணிப்போடு கூடிய ஓய்வு இடைவேளை' என்று ஒரு முறை உண்டு. பிள்ளைக்கு முடியவில்லை என்றால் அவருக்கான கடிகாரம் நிற்கும். வினாத்தாளைத் தொடக் கூடாது. சர்க்கரை சரியானதும் நின்ற இடத்திலிருந்து நேரம் ஓடும். இது சலுகையாகக் கூடக் கணக்காகாது. ஒரு நிமிடம் கூடுதலாகத் தரவில்லை, நோய் எடுத்துக்கொண்டதை மட்டும் திருப்பித் தருகிறார்கள். 'மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா?' என்று கேட்கிறவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. நம் தேர்வு மையங்களில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் கூடுதல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவது பல வருஷங்களாக நடக்கிறது. அறையும் ஆளும் அதற்கென்றே ஒதுக்குகிறார்கள். டைப்-1 பிள்ளைக்குத் தேவைப்படும் அரை மணியை அந்த அறையிலேயே கொடுத்துவிடலாம். நிர்வாகத்துக்குப் புதுச் செலவு எதுவும் இல்லை.

'சர்க்கரை நோய் ஊனம் இல்லையே, எந்தச் சட்டத்தில் கொடுப்பது?' என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் 21 வகைகளில் தலசீமியா இருக்கிறது, ஹீமோபிலியா இருக்கிறது, டைப்-1 நீரிழிவு இல்லை. ஆனால் 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். எழுதும்போது விரல் பிடித்துக்கொள்ளும் நோய் உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்டார். 40 சதவீத ஊனம் இல்லை என்று யு.பி.எஸ்.சி. மறுத்தது. ஏற்பாடு செய்து கொடுக்கும் கடமை அந்தச் சதவீதத்துக்கு உட்பட்டவர்களோடு நின்றுவிடுவதில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டைப்-1 பிள்ளைகளைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசவில்லை. அதன் தர்க்கம் அவர்கள் வீட்டு வாசல் வரை வந்து நிற்கிறது என்பது என் வாசிப்பு. வக்கீல்கள் யாராவது இதைப் படித்தால் திருத்துங்கள்.

இன்னொரு குறை. எல்லா விதிகளும் தாழ்சர்க்கரையை மட்டுமே பார்க்கின்றன. தேர்வுப் பதற்றத்தில் அட்ரினலின் ஏறும், அது பல பிள்ளைகளுக்குச் சர்க்கரையை மேலே தள்ளும். மேலே போனால் தாகம், அடிக்கடி சிறுநீர், தலை கனம். மார்ச் கடைசி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில், 500 மில்லி தண்ணீர் எந்த மூலைக்கு? கழிப்பறைக்குப் போய்வருவதைப் பற்றி நான் மேலே சொன்ன உணவுப் பட்டியல்களில் பேச்சில்லை. துணைக்கு ஆள் வர வேண்டும், அந்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு முறை போனால் 'என்னம்மா, பிட்டு வெச்சிருக்கியா?' என்ற பார்வையையும் தாங்க வேண்டும்.

விதிகள் இப்படி இருப்பதால் பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்தப் பெண் என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "எக்ஸாம் அன்னைக்கு ரெண்டு யூனிட் கம்மியாதான் அங்கிள் போட்டுப்பேன். ஏறியே இருக்கட்டும். லோ ஆனாதான் மானம் போகும்." தாழ்ந்தால் எல்லாருக்கும் தெரியும், ஏறினால் யாருக்கும் தெரியாது. பதினைந்து வயதின் கணக்கு அது. டாக்டரே ஆலோசித்து அளவைக் கொஞ்சம் குறைப்பது வேறு, பயத்தில் தானாகக் குறைப்பது வேறு. பின்னதில் எண் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, 2009 ஆய்வின் மறு முனையில் போய் நின்றாலும் நிற்கும். தாழ்வதற்குப் பயந்து ஏற்றி வைத்துக்கொண்டு, அதிலும் மெதுவாகவே எழுதுகிறாள். ஊசியை அடியோடு தவிர்த்தால் கீட்டோன் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க நேரும். யாரும் அதை முயலவே கூடாது.

'மானம்' என்று அவள் சொன்ன வார்த்தையை அவள் அம்மா வேறு மாதிரி சொன்னார். சி.பி.எஸ்.இ. முறையில் சான்றிதழ், விண்ணப்பம், முதல்வர் கையெழுத்து என்று போகிறது என்று நான் விளக்கியபோது, "அது நமக்கு வேணாம்ணா. எழுதிக் குடுத்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும். பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேணாமா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தெருவில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பது அவருக்கும் தெரியும். கூடிய மட்டும் மறைக்க நினைக்கிற குடும்பங்களுக்கு, முன்கூட்டி விண்ணப்பித்தால்தான் குளுக்கோஸ் என்ற விதி ஒரு கதவு. அதைத் திறக்காமலே போகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஒரு பொட்டலம் குளுக்கோஸ் பொடிக்கு மட்டும் ஏன்? கரைத்த குளுக்கோஸ் தண்ணீரில் எந்தச் சூத்திரத்தை எழுதிவிட முடியும்? நேரத்தை நிறுத்த, போன் வைக்க, பம்ப்போடு உட்கார என்றால் சான்றிதழ் கேட்கட்டும், நியாயம். சர்க்கரைத் தண்ணீருக்கு வேண்டாம்.

பக்கத்து மாநிலத்தில் டைப்-1 பிள்ளைகளுக்கு இலவச இன்சுலினும் கருவிகளும் தரும் அரசுத் திட்டத்துக்கு 'மிட்டாயி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒளித்து வைக்க முடியாத பெயர். 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம்.விஸ்வநாதன் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கிய ஊர் நம் சென்னை. நீரிழிவு மருத்துவத்துக்கு வெளி மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிற ஊர். எங்கள் வானகரத்திலேயே பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவும் இருந்து, ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா குளுக்கோஸுக்கு அனுமதி கேட்டு மூன்று வாசல் ஏறி இறங்கினார்.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தேர்வுக்கு முந்தைய நாள் நாங்கள் ஒரு தாளில் எழுதினோம். அவளுக்கு என்ன நோய், கை நடுங்கினால், வியர்த்தால், பேச்சு குழறினால் என்ன அர்த்தம், முதலில் எந்தப் பாட்டிலைக் கொடுக்க வேண்டும், எத்தனை நிமிடம் கழித்து பிஸ்கட், எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அவளைப் பார்க்கும் டாக்டர் படித்துவிட்டு ஒரு வரியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊசி அளவையும் அவரே அந்த நாள்களுக்கென்று மாற்றி எழுதினார். அம்மா அரை மனதோடுதான் சம்மதித்தார். மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் தாளை வாங்கிப் படித்தார், "இதுக்கு ரூல் இருக்கான்னு தெரியலம்மா, ஆனா பாட்டில வாசல் பெஞ்சுல வைங்க, நான் சொல்லிக்கிறேன்" என்றாராம். தங்கமான மனுஷன். அடுத்த மையத்தில் அப்படி ஒருவர் இருப்பாரா என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் தேர்வு இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கணக்குத் தேர்வன்று பதினொன்றேமுக்காலுக்கு லேசாக நடுங்கியதாம். எழுந்து போய் அரை பாட்டில் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வடிவியல் போட்டுவிட்டாள். வரைபடத்துக்கு அச்சு வரைந்து, அளவுத்திட்டம் எழுதி, நாலு புள்ளி வைத்திருந்தபோது மணி அடித்துவிட்டது.

"புள்ளி எல்லாம் கரெக்டுதான் அங்கிள். ஜாயின் பண்ணல, அவ்ளோதான்" என்றாள்.